உப்புக்குள் இருக்கிற போன்

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த இடத்தில் கட்டிலுக்கு மேல் கட்டில் இருக்கும். ஒரு ரூமில் எட்டு பேர் படுக்கலாம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, தலைமாட்டில் ஒரு சின்ன லைட்டு, போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட். கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி. பூட்டு அவரவர் கொண்டுவர வேண்டும். குளிக்கிற இடம் பொது. செருப்பு வெளியே.

அங்கே குடும்பமாக யாரும் வர மாட்டார்கள். முதுகில் மூட்டை மாதிரி ஒரு பையோடு தனித்தனியாக வருவார்கள். ராத்திரி பேர் தெரியாமல் படுப்பார்கள், காலையில் ஒன்றாக டீ குடிப்பார்கள், சாயந்திரம் கட்டிப்பிடித்துப் பிரிவார்கள். ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ரூமில் தூங்குவதைப் பார்த்து முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. புயல் வந்தால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்களும் இப்படித்தான் வரிசையாகப் படுப்போம். இங்கே அதற்கு வாடகை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் மரக்காணம். உப்பளத்து வேலை. ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் தண்ணீர் ஏறி அளம் மூடிவிடும். தை பிறந்து, பாத்தி காய்ந்து, சேறு வழித்த பிறகுதான் மறுபடியும் வேலை. நடுவில் கிடைத்த வேலைக்குப் போவோம். ஒரு மழைக்காலம் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுசில் பெருக்கித் துடைக்கப் போனேன். அங்கே மேனேஜராக இருந்த தம்பி பிறகு ஏற்காட்டுக்கு மாறிப் போய்விட்டது. அடுத்த மழைக்கு என்னைக் கூப்பிட்டது. தங்க இடம், சாப்பாடு, எல்லாம் தரேன், வாங்கக்கா என்றது. போனேன்.

வீட்டுக்காரர் வரவில்லை. அவருக்கு ஊரில் காவல் இருந்தது.

விற்காமல் நிற்கிற உப்பை ரோட்டோரத்து மேட்டில் மலை மாதிரி குவித்து, ஓலை வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிடுவோம். மழைக்காலம் முழுக்க யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்றில் தார்ப்பாய் ஒரு மூலை கிளம்பினால் போதும், உப்பு கரைய ஆரம்பித்துவிடும். நாங்கள் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த அளம். காவல் வீட்டுக்கு ஒரு வருஷம். அந்த வருஷம் எங்கள் முறை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் நானும்தான்.

மலையில் என் வேலை விரிப்பு மாற்றுவது. எங்கள் ஊரில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். அங்கே காயவே காயாது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து துணியில் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீர் பாய்லர் இருக்கிற ரூமில் கயிறு கட்டி அதில்தான் உலர்த்துவேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரொம்ப நாளாகத் தங்கியிருந்தார். நான் போவதற்குள் தன் விரிப்பைத் தானே மாற்றி, பழையதை மடித்து, குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து என் கையில் கொடுப்பார். என் வேலையைப் பிடுங்குகிறார் என்று மேனேஜர் தம்பியிடம் சொன்னேன். அது சிரித்தது.

சுவர் முழுக்க மலை வரைந்து வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் நிஜ மலை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகையில் புயல் என்று சொன்னார்கள். எங்கள் பக்கம்தான் கரையேறும் என்று எல்லார் போனிலும் வந்தது. காலையில் அவரைக் கூப்பிட்டேன். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. தார்ப்பாய்க்கு இன்னொரு கயிறு போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஸ்கூலுக்குப் போயிடுயா என்றேன்.

"உப்ப வுட்டுட்டு எப்படிப் போறது?"

"எல்லாரும் போறாங்க இல்ல?"

"அவங்களுக்கு இன்னா, காவல் நம்முளுது."

அதற்கு மேல் பேசினாலும் அவர் கேட்கிறவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் போயிருக்க மாட்டேன்.

சாயந்திரம் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். எனக்குப் பயம் வரவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

மழையில் காவலுக்குப் போகிறவர்கள் போனையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தார்ப்பாய்க்கு அடியில், உப்புக் குவியலுக்குள் கையை விட்டுப் புதைத்துவிடுவார்கள். காவல் குடிசை ஒழுகும். சட்டைப்பை நனையும். குவித்த உப்பு மேலே இறுகிப் பாறை மாதிரி ஆகிவிடும், உள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்காது. மழையில் அதைவிடக் காய்ந்த இடம் எங்கள் ஊரில் கிடையாது. சார்ஜ் போகக் கூடாது என்று போனை அணைத்துத்தான் வைப்பார்கள். மழை விட்டதும் எடுத்துப் பேசுவார்கள். எங்கள் பொம்பளைகள் எல்லாருக்கும் இது தெரியும். மழை நேரத்தில் சுவிட்ச் ஆஃப் என்றால் போன் உப்பில் இருக்கிறது. ஆள் பக்கத்தில் இருக்கிறார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி புயல் கரையேறியது. மலையில் வெறும் தூறல்.

மறுநாள் காலையில் சென்னைப் பிள்ளைகள் மூன்று பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மழை மேலே வருகிறது, மாட்டிக்கொள்வோம் என்று பயம். மேனேஜர் தம்பி சமையல்கட்டுக்கு வந்து, இவங்க திண்டிவனம் வழியாத்தான் போறாங்க, அங்க இறக்கிவிட்டுடுவாங்க, நீங்களும் ஏறிக்கோங்கக்கா, ஒரு வாரம் கழிச்சு வாங்க என்றது. அந்தப் பிள்ளைகளும் பின் சீட்டில் இருந்த பையையெல்லாம் டிக்கிக்கு மாற்றி இடம் செய்தார்கள்.

நான் வேண்டாம் என்றேன். போன் உப்பில் இருக்கிறது, மழை விட்டால் அவரே பேசுவார் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பில் போன் எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். சொன்னேன். சூப்பர் அக்கா என்றான். கார் போய்விட்டது.

எட்டு கட்டிலில் மூன்று காலியானது. விரிப்பை உருவிக்கொண்டு பாய்லர் ரூமுக்குப் போனேன்.

ஊரில் அவரை நனைத்த மழை அன்று சாயந்திரம் மலையேறி வந்தது. விடிய விடியக் கொட்டியது. தகரக் கூரையில் பேசுவது எதுவும் கேட்கவில்லை. விடிந்தபோது கரண்ட் இல்லை. சேலத்துக்கு இறங்குகிற ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மேலே இருப்பவர் கீழே போக முடியாது, கீழே இருப்பவர் மேலே வர முடியாது.

தங்கியிருந்தவர்களுக்கு முதலில் அது கொண்டாட்டமாக இருந்தது. ஹாலில் மெழுகுவத்தி ஏற்றிச் சீட்டு ஆடினார்கள். மேகி செய்து தின்றார்கள். ஆபீசுக்குப் போன் போட்டு, மலையில் மாட்டிக்கொண்டேன், லீவு என்றார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியவர்கள் தண்ணீர் ஏறாத ஊர்களில் இருந்தார்கள்.

நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சுவிட்ச் ஆஃப். ஊரில் மழை விட்டிருக்க வேண்டும். விட்டால் எடுத்திருக்க வேண்டும். இன்னும் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர்ப் பொண்ணு ஒன்று கீழ்க் கட்டிலில் தங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றுகிற பொண்ணு. அது போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தது.

"அக்கா, இது உங்க ஊருங்களா பாருங்க."

டிவிக்காரன் ஒருவன் மழைக்கோட்டு போட்டு ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரே தண்ணீர். கழுவெளி ஏரியும் கால்வாயும் அளமும் ஒன்றாகக் கிடந்தது. எது எங்கே என்று தெரியவில்லை. அப்புறம் கல்வெர்ட்டைப் பார்த்தேன். பக்கத்தில் சாய்ந்த கரண்ட் கம்பம். அது ரொம்ப நாளாகவே சாய்ந்துதான் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம்தான் எங்கள் மேடு.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியது.

மேட்டில் குவியல் இல்லை. தண்ணீர்தான் இருந்தது. நீலத் தார்ப்பாய் ஒன்று கருவேல மரத்தில் மாட்டிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதில் புதுக் கயிறும் தொங்கியது.

"அங்க என்ன இருந்துச்சுங்கக்கா?"

"உப்பு."

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தது. அதற்குப் புரியவில்லை. நான் சொன்னேன், உப்புக்குள்ள போனு, போனு பக்கத்துல எங்க வீட்டுக்காரரு. அப்போதுதான் எனக்கே அது காதில் விழுந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. யார் யாருக்கோ போன் போட்டது. அவசர நம்பர் என்று ஒன்று இருக்கிறதாம், அது எந்நேரமும் பிசியாக இருந்தது. கடைசியில் ஒருவர் எடுத்து, பேர் வயசு அடையாளம் கேட்டார். சொன்னேன். என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு எப்படித் தெரியும். பார்த்துச் சொல்றோம் என்றார். என் பக்கத்து வீட்டுப் பொம்பளை நம்பர் என்னிடம் இருந்தது. அதுவும் கிடைக்கவில்லை.

மேனேஜர் தம்பி இன்வெர்ட்டரில் இருந்த கொஞ்சம் கரண்டில் மற்றவர்கள் போனையெல்லாம் பிடுங்கிவிட்டு என் பட்டன் போனைச் சொருகியது. அவர்கள் சீட்டுக்கட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் முக்காட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நடந்து இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் குடை பிடித்து நின்றார். எங்கம்மா போற என்றார்.

"ஊருக்கு."

"ரோடு இல்ல."

"நடந்துதான சார் போறேன்."

"நடக்கவும் ரோடு இல்லம்மா. வந்து பாரு."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ரோடு பாதியில் நின்றது. அப்புறம் சிவப்பு மண், பாறை, வேரோடு ஒரு மரம். அதற்குக் கீழே மேகம். எங்கள் ஊரில் எங்கே நின்று பார்த்தாலும் மறுகோடி தெரியும். தண்ணீர் வந்தாலும் எது வரை வந்திருக்கிறது என்று பார்க்கலாம். இங்கே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். குளிருதும்மா, போ என்றார்.

திரும்பி வந்தேன். காலிக் கட்டிலுக்கெல்லாம் விரிப்பு மாற்றினேன். யாரும் வரப் போவதில்லை. கார் போன அன்றே மாற்றியிருந்தேன். உருவினேன், வேறு போட்டேன், மூலையை இழுத்து மடித்தேன். வேறு என்ன செய்வது. வெளிநாட்டுக்காரர் வந்து அந்தப் பக்கத்து மூலையைப் பிடித்தார். அவருக்கு என் பேச்சு தெரியாது. காலிக் கட்டில் எல்லாவற்றையும் இரண்டு பேரும் போட்டு முடித்தோம். மேல் கட்டிலுக்கு அவரே ஏறினார்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுப் பொம்பளை எடுத்தாள்.

"அக்கா, நாங்கல்லாம் ஸ்கூல்ல கீறோம். உங்க ஊடு நிக்குது, தண்ணி பூந்துட்டுது."

"அவரு?"

அவள் மறுபடியும் வீட்டைப் பற்றியே ஆரம்பித்தாள்.

"சொல்லு."

"இங்க இல்லக்கா. நீங்க அங்க வந்துட்டாருன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

மேட்டுப் பக்கம் யாரும் போக முடியவில்லை, இடுப்புக்கு மேல் இழுக்கிறது, ஆம்பளைகள் கயிறு கட்டிப் போய்ப் பார்த்தும் திரும்பிவிட்டார்கள் என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு ரோடு திறக்கிற வரை நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், வேலை பார்த்தேன். பாத்திரம் கழுவினேன். சாப்பிட்டேன்கூட. அந்தப் பொண்ணு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது, சாப்பிட்டேன். மாதாவிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன். அந்தக் காரின் பின் சீட்டு மட்டும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பையையெல்லாம் எடுத்து வைத்துத் துடைத்துக்கூட விட்டிருந்தார்கள்.

ஒரு பக்க ரோட்டை மட்டும் திறந்ததும் பால் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சேலத்தில் பஸ், விழுப்புரத்தில் பஸ், திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"கூனிமேட்டுல கீறாரு. பாய் வண்டியில ஏத்திக்கினு போனாராம். இப்பதான் லாரிக்காரன் வந்து சொல்லிட்டுப் போறான்."

கூனிமேட்டுப் பாய் எங்களிடம் உப்பு வாங்குகிறவர். புயலுக்கு முன்னாலேயே, இருக்கிற சரக்கை ஏற்றிவிடலாம் என்று வண்டி கொண்டுவந்திருக்கிறார். வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக்குப் பதிலாக இவரை ஏற்றிக்கொண்டு போனார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

போனேன். பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் ஊர் சனம் தங்கியிருந்தது. வாசலில் பெரிய டேக்சா ஏற்றிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் யாருடையதோ கட்டம் போட்ட லுங்கியில், சாக்கு மேல் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. கயிறு அறுத்திருக்கிறது.

நான் எதிரில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப வந்த?"

பக்கத்துத் தெருவில் இருந்து வந்த மாதிரி கேட்டார்.

"இப்பதான்."

"ரோடு வுட்டுட்டானா?"

"வுட்டுட்டான்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். பாய் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். உட்காருமா என்றார். அவர்தான் பேசினார்.

"இவரு வந்ததுலருந்து உன்ன தேடறோம்மா. நம்பர் சொல்லுயான்னா போன் உப்போட போச்சுன்றாரு. சரி, எந்த எடத்துல வேல பாக்குதுன்னா கட்டிலுக்கு மேல கட்டிலுன்றாரு. ஏற்காட்டுல இருக்குற லாட்ஜுக்கெல்லாம் எம் பையன் போன் போட்டுட்டான். அப்படி எங்ககிட்ட இல்லன்றாங்க."

நாங்கள் லாட்ஜ் இல்லை. வெளியே போர்டில்கூட லாட்ஜ் என்று போட்டிருக்காது. லாட்ஜ் என்றால் ரூம், கதவு, தாழ்ப்பாள். எங்கள் இடத்துக்கு இங்கிலீஷில் ஏதோ நீளமாகப் பேர். மேனேஜர் தம்பி சொல்லும், தங்குகிற பிள்ளைகள் சொல்லும், என் வாயில் வராது. நான் அவரிடம் சொன்னதெல்லாம் கட்டிலுக்கு மேல் கட்டில் என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரும் அவருக்குத் தெரியாது. ரோடு முழுக்கத் தண்ணீர். கூனிமேட்டில் இருந்துகொண்டு எனக்குச் சொல்ல அவருக்கு ஒரு வழியும் இல்லை. மேலே இருந்துகொண்டு எனக்கும் இல்லை.

பாய் கஞ்சி பார்க்கப் போனார்.

"உப்பு?" என்றேன்.

"போச்சி. ஒரு மூல கெளம்பிச்சி, புடிச்சேன். இன்னொரு மூல கெளம்பிச்சி." கையைக் காட்டினார். "அப்புறம் தண்ணி அடியில வந்துட்டுது. மேல பாத்துக்கினே இருந்தேன், அடியில வரும்னு நெனைக்கல."

"போற கார்ல எடம் தந்தாங்க. நான்தான் வரல."

"வந்து இன்னா பண்ணியிருப்ப?"

இரண்டு மூலையை இரண்டு பேர் பிடித்திருக்கலாம் என்று சொல்லலாம். தண்ணீர் அடியில் வந்தது என்று அவர் இப்போதுதான் சொன்னார்.

"தை வந்தாலும் பாத்தி ஆகாது" என்றார். "நீ மறுபடியும் மேல போவணும்."

"நீயும் வாயா."

"நான் அங்க வந்து இன்னாத்துக்கு? எனக்கு மேல கட்டில்ல ஏறத் தெரியாது."

சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். அப்புறம், இந்த வாட்டி அந்த எடத்து பேர சொல்லிட்டுப் போ என்றார்.

யோசித்துப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

அவர் வெங்காயத்தைப் பார்த்தார். கூடையில் இன்னும் நிறைய இருந்தது. நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து நானும் ஒன்றை எடுத்தேன்.